லட்லோ: கோட்டை வாசலில் ஒரு சந்தை

லட்லோவுக்கு முதல்முறை வருகிறவர் பொதுவாக நேரே கோட்டைக்குத்தான் போவார். ரயில் நிலையத்திலிருந்து மேட்டில் ஏறி, தேவாலயக் கோபுரத்தையும் கடைத்தெருவையும் தாண்டி, சதுக்கத்தின் மேற்குக் கோடியில் தெரியும் கல்வாசலில் டிக்கெட் வாங்கி உள்ளே நுழைந்துவிடுவார். கோட்டைக்குள் பார்க்க ஏராளம் இருக்கிறது. ஆனாலும் இந்த ஊரைப் புரிந்துகொள்ள ஆசைப்படுகிறவர் அந்த வாசலில் சற்று நின்று, கோட்டைக்கு முதுகு காட்டித் திரும்பிப் பார்க்க வேண்டும். எதிரே விரிவது சந்தை. வாரத்தில் நான்கு நாள், திங்கள், புதன், வெள்ளி, சனிக்கிழமைகளில், துணிக்கூரைக் கடைகள் வரிசையாக நிற்கும். ரொட்டி, பாலாடைக்கட்டி, காய்கறி, பூச்செடி, பழைய சாமான் என்று வியாபாரம் நடக்கும். கோட்டையும் சந்தையும் ஒரே குடும்பம் போட்ட திட்டத்தின் இரண்டு பாதிகள். அவற்றில் கோட்டை முந்நூறு ஆண்டுகளுக்கு முன்பே கூரையை இழந்துவிட்டது. சந்தை இன்றும் கூடுகிறது.

இங்கிலாந்தின் மேற்கு விளிம்பில், வேல்ஸ் எல்லைக்கு அருகே, ஷ்ராப்ஷயர் மாவட்டத்தின் தென்பகுதியில் இருக்கிறது லட்லோ. மக்கள்தொகை சுமார் 10,000. டீம் ஆறும் கோர்வ் ஆறும் சேரும் இடத்தை ஒட்டிய ஒரு மேட்டின் மீது ஊர் உட்கார்ந்திருக்கிறது. இத்தனை சிறிய ஊரில் ஏறத்தாழ 500 கட்டடங்கள் அரசின் பாதுகாப்புப் பட்டியலில் இடம்பெற்றிருக்கின்றன. இங்கே ஒரு பட்டத்து இளவரசன் இறந்ததால் இங்கிலாந்தின் சமய வரலாறே திசை மாறியது. இந்தக் கோட்டையை 1811-இல் விலைக்கு வாங்கியவர் அதற்குச் சில ஆண்டுகள் முன்பு வரை சென்னைக் கோட்டையில் ஆளுநராக இருந்தவர். அந்தக் கதைக்குப் பிறகு வருவோம்.

நார்மன் மன்னர் வில்லியம் 1086-இல் தன் நாட்டின் நிலபுலன்களையெல்லாம் கணக்கெடுக்கச் செய்தார். டோம்ஸ்டே என்ற அந்தக் கணக்கேட்டில் லட்லோ என்றொரு ஊர் இல்லை. ஸ்டான்டன் என்ற பெரிய பண்ணை நிலம் மட்டும் டி லேசி குடும்பத்தின் பெயரில் இருக்கிறது. அந்த நிலத்தின் ஒரு மூலையில், ஆற்றைப் பார்த்தபடி செங்குத்தாக நிற்கும் பாறை மேட்டில், 11-ஆம் நூற்றாண்டின் கடைசிப் பகுதியில் டி லேசிகள் கோட்டை கட்டத் தொடங்கினார்கள். அந்தக் காலத்து நார்மன் கோட்டைகள் பெரும்பாலும் மண்மேடும் மரவேலியுமாகத்தான் இருந்தன. லட்லோவில் தொடக்கத்திலேயே கல்லைப் பயன்படுத்தினார்கள். காரணம் காலடியிலேயே இருந்தது. மேட்டைக் குடைந்து அகழி தோண்டினார்கள். தோண்டிய பள்ளத்திலிருந்து வந்த கல்லையே மதிலாக அடுக்கினார்கள். அகழி எவ்வளவு ஆழமானதோ அவ்வளவு உயர்ந்தது சுவர்.

அந்தக் கல்லுக்கே தனிப் புகழ் உண்டு. 1830-களில் ரோடரிக் முர்ச்சிசன் என்ற நிலவியலாளர் இந்த வட்டாரத்துப் பாறைகளை அடுக்கடுக்காக ஆராய்ந்து, சிலூரியன் என்ற காலத்தை வரையறுத்தார். அந்தக் காலத்தின் ஒரு பிரிவுக்கு இன்றும் உலகெங்கும் உள்ள நிலவியல் அட்டவணைகளில் லட்லோ என்றுதான் பெயர். சுமார் 42.5 கோடி ஆண்டுகளுக்கு முன் கடலடியில் படிந்த வண்டல் அது. கோட்டைச் சுவர் அந்தக் கடலடி மண்ணால் ஆனது.

கோட்டை எழுந்த பிறகு ஊர் தானாக வளர்ந்தது என்றுதான் பலரும் நினைப்பார்கள். லட்லோவில் அப்படி நடக்கவில்லை. 12-ஆம் நூற்றாண்டில் கயிறு பிடித்து, அளந்து, மனை பிரித்துத் தெருப் போட்ட ஊர் இது. கோட்டை வாசலில் தொடங்கி, கிழக்கே இன்று புல் ரிங் என்று அழைக்கப்படும் மாட்டுச் சந்தை வரை, மேட்டின் முதுகெலும்பு போல ஒரே நீண்ட அகன்ற வெளி விடப்பட்டது. அதுதான் சந்தைத் திடல். அதிலிருந்து தெற்கே ஆற்றை நோக்கி மில் தெரு, பிராட் தெரு என்று நேர்த்தெருக்கள் இறங்கின. தெருவின் இரு பக்கமும் குறுகிய முகப்பும் நீண்ட புறக்கடையும் கொண்ட மனைகள் வெட்டப்பட்டன. அப்போதைய நில அளவுக் கோலான பெர்ச் பதினாறரை அடி நீளம்; பல மனைகள் இரண்டு பெர்ச், அதாவது 33 அடி அகலம். அந்த மனை எல்லைகளில் கணிசமானவை இன்னும் கலையவில்லை. ஜெர்மனியில் பிறந்து இங்கிலாந்தில் குடியேறிய நகரப் புவியியலாளர் எம். ஆர். ஜி. கான்சென், வீடுகள் மாறினாலும் மனைக்கோடு எளிதில் மாறாது என்பதை நிறுவுவதற்கு லட்லோவை ஓர் ஆதாரமாகவே எடுத்துக்கொண்டார். பிராட் தெருவில் நடக்கிறவர் 18-ஆம் நூற்றாண்டின் செங்கல் முகப்புகளைப் பார்க்கிறார். அவற்றில் பலவற்றின் பின்னால் அதற்கும் முந்தைய மரச்சட்ட வீடு ஒளிந்திருக்கிறது. அந்த மரவீட்டுக்கும் அடியில் இருப்பது 12-ஆம் நூற்றாண்டில் கயிறு கட்டிப் போட்ட கோடு.

நிலப்பிரபுவுக்கு இதில் என்ன லாபம்? மனை வாடகை, சந்தைச் சுங்கம், சந்தை வழக்குகளில் கிடைக்கும் அபராதம். கோட்டைக் காவலர்களுக்கு இறைச்சியும் மதுவும் தோலும் இரும்பும் வாசலிலேயே கிடைத்தன. வியாபாரிக்கோ கோட்டையின் காவல் கிடைத்தது. அந்நாளில் சந்தை கூட்டுவது யார் வேண்டுமானாலும் செய்யக்கூடிய காரியம் இல்லை. அது அரசரிடமிருந்து வரும் உரிமை. 13-ஆம் நூற்றாண்டில் எழுந்து, பிராக்டன் என்ற நீதிபதியின் பெயரால் வழங்கும் சட்ட நூல், ஒரு சந்தைக்கும் அடுத்த சந்தைக்கும் நடுவே குறைந்தது ஆறே முக்கால் மைலுக்குச் சற்றுக் குறைவான தூரம் வேண்டும் என்கிறது. அதன் கணக்கு எளிமையானது. ஒருவர் ஒரு நாளில் இருபது மைல் நடக்கலாம். அந்தப் பொழுதில் மூன்றில் ஒரு பங்கு சந்தைக்குப் போக, ஒரு பங்கு வாங்கி விற்க, ஒரு பங்கு இருட்டுமுன் வீடு திரும்ப. இங்கிலாந்தின் வரைபடத்தில் சந்தை நகரங்கள் ஏறக்குறைய சீரான இடைவெளியில் தெளித்தாற்போல் கிடப்பதற்குப் பின்னால் இப்படி ஒரு மனித நடைக் கணக்கு இருக்கிறது.

இன்று அந்த நீண்ட திடலை முழுதாகப் பார்க்க முடியாது. தற்காலிகமாகப் போட்ட கடைகள் மெல்ல நிலைத்த கடைகளாயின. அவற்றுக்கு மேலே மாடி வந்தது. மாடியில் குடும்பம் குடியேறியது. சில தலைமுறைகளில் திடலின் நடுவே வீட்டு வரிசைகளே முளைத்துவிட்டன. அப்படி அடைபட்ட இடத்தில் மிஞ்சிய சந்துகள்தான் இன்றைய மார்க்கெட் தெருவும் சர்ச் தெருவும் ஹார்ப் லேனும். இரண்டு பேர் எதிரெதிரே வந்தால் ஒதுங்கி நிற்க வேண்டிய அகலம் அங்கே பல இடங்களில். நகராட்சி ஆக்கிரமிப்பை அகற்றியிருந்தால் லட்லோவின் மிக அழகான பகுதி இன்று இருந்திருக்காது.

இனிக் கோட்டைக்குள் போகலாம். வாசலைத் தாண்டியதும் பரந்த புல்வெளி. 12-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் சேர்க்கப்பட்ட வெளிமுற்றம் இது. அதன் எதிர்ப்பக்கம் அகழி. அகழிக்கு அப்பால் உள்கோட்டை. அங்கே எல்லாவற்றையும்விட உயர்ந்து நிற்கும் பெரிய கோபுரத்தின் முன்சுவரை நிதானமாகப் பார்க்க வேண்டும். கீழ்ப்பகுதியில் ஓர் அரைவட்ட வளைவின் தடம் தெரியும். வளைவுக்குள் கல் வைத்து அடைத்திருக்கிறார்கள். டி லேசிகளின் முதல் வாசல் அதுதான். பிறகு வாசற்கோபுரத்தையே உயர்த்திக் காவற்கோபுரமாக்கியபோது, நுழைவழி பலவீனமான இடம் என்று கருதி அடைத்துவிட்டு, பக்கத்து மதிலில் வேறு வழி திறந்தார்கள். கோபுரத்துக்குள்ளே அந்தப் பழைய நடைவழியின் பக்கச் சுவரில் சிறு தூண்களும் வளைவுகளும் செதுக்கியிருக்கின்றன. வண்டியும் குதிரையும் போகிற வழிக்கு இத்தனை அலங்காரமா என்று தோன்றும். வருகிறவரை மிரட்டுவது மட்டும் அவர்கள் நோக்கமாக இருக்கவில்லை, மரியாதையும் எதிர்பார்த்தார்கள்.

உள்முற்றத்தின் நடுவே தனியாக நிற்கிறது மகதலேனா மரியாள் சிற்றாலயம். வட்டமான கட்டடம். எருசலேமின் திருக்கல்லறை ஆலயத்தை மனத்தில் வைத்து நார்மன்கள் கட்டிய வட்ட ஆலயங்கள் இங்கிலாந்தில் மிகச் சிலவே எஞ்சியிருக்கின்றன. மேற்கு வாசலின் வளைவில் பல்வரிசை போன்ற செதுக்கு வேலை. உள்ளே சுவரைச் சுற்றிலும் குட்டி வளைவுகள். ஒன்றில் வெறும் உருட்டு, அடுத்ததில் பல்வரிசை என்று மாறிமாறி வருகின்றன. கூரை போய்விட்டது, பீடப் பகுதியும் இடிந்துவிட்டது. மழை நேரே தரையில் விழுகிறது. ஒன்பது நூற்றாண்டுகளுக்குப் பிறகும் உளித்தடம் கூர்மையாக இருக்கிறது.

இந்த மதில்களுக்குள் வாழ்ந்தவர்கள் இங்கிலாந்து அரியணையை ஒருமுறைக்கு மேல் ஆட்டி வைத்தார்கள். திருமணத்தின் வழியே கோட்டையைப் பெற்ற ரோஜர் மார்ட்டிமர், இரண்டாம் எட்வர்டு மன்னரை எதிர்த்து லண்டன் டவர் சிறையில் அடைபட்டார். 1323 ஆகஸ்ட் 1, புனித பேதுருவின் திருநாளன்று, சிறையிலிருந்து தப்பிப் பிரான்ஸுக்குப் போனார். அரசி இசபெல்லாவோடு சேர்ந்து படையோடு திரும்பினார். 1327-இல் மன்னர் பதவி இழந்தார். தப்பித்த நாளின் நன்றிக்கடனாக மார்ட்டிமர் வெளிமுற்றத்தில் புனித பேதுருவுக்கு ஓர் ஆலயம் கட்டினார். அதன் எச்சம் இன்றும் இருக்கிறது. மூன்று ஆண்டுகள் நாட்டைத் தன் கைக்குள் வைத்திருந்தவரை 1330-இல் இளம் மன்னர் மூன்றாம் எட்வர்டு தூக்கிலிட்டார்.

அதன்பின் கோட்டை யார்க் குடும்பத்திடம் வந்தது. ரோஜாப் போர்கள் எனப்படும் அரியணைச் சண்டையில், 1459 அக்டோபரில், யார்க் கோமகன் ரிச்சர்டு ஊருக்குக் கீழே லட்ஃபோர்டு பாலத்தருகே அரச படையை எதிர்கொண்டார். இரவோடு இரவாக அவருடைய படையின் ஒரு பகுதி கட்சி மாறியது. கோமகன் தப்பி ஓடினார். மனைவி செசிலியும் சிறு பிள்ளைகளும் பிடிபட்டார்கள். அரச படை லட்லோவைச் சூறையாடியது. ஊரார் கொடுத்த அந்த விலைக்குப் பலன் விரைவிலேயே வந்தது. கோமகனின் மகன் 1461-இல் நான்காம் எட்வர்டாக முடிசூடியதும், அதே ஆண்டில் லட்லோவுக்குத் தன்னாட்சிப் பட்டயம் கொடுத்தார். தன் மூத்த மகனையும் இங்கேதான் வளர்த்தார். 1473-இல், மூன்று வயதுகூட நிறையாத அந்தப் பிள்ளைக்கு வேண்டிய அன்றாட ஒழுங்கை மன்னரே எழுதி அனுப்பினார். எப்போது வழிபாடு, எப்போது பாடம், சாப்பாட்டு வேளையில் என்ன மாதிரிக் கதைகள் வாசிக்க வேண்டும், இரவு எட்டு மணிக்குள் படுக்க வைக்க வேண்டும் என்பது வரை அதில் இருக்கிறது. 1483 ஏப்ரலில் தந்தை இறந்த செய்தி வந்து, பன்னிரண்டு வயது ஐந்தாம் எட்வர்டு லட்லோவிலிருந்து லண்டனுக்குப் புறப்பட்டான். வழியில் சிற்றப்பா ரிச்சர்டின் கைக்குள் போனான். டவரில் காணாமற்போன இளவரசர்கள் என்று வரலாறு சொல்லும் இருவரில் மூத்தவன் அவன்தான்.

அடுத்து வந்தவன் டியூடர் வம்சத்து ஆர்தர், ஏழாம் ஹென்றியின் மூத்த மகன். 1501 நவம்பரில் லண்டனில் ஸ்பெயின் நாட்டு அரகான் கேத்தரினுக்கும் அவனுக்கும் திருமணம் நடந்தது. மணமக்கள் குளிர்காலத்தில் லட்லோவுக்கு வந்தார்கள். 1502 ஏப்ரல் 2 அன்று ஆர்தர் இறந்தான். வயது 15. கேத்தரினும் நோயுற்று மீண்டார். உடலை வூஸ்டர் பேராலயத்துக்குக் கொண்டுபோன நாள்களில் மழையும் காற்றும் பாதையைச் சேறாக்கிவிட, சில இடங்களில் வண்டிக்கு எருதுகளைப் பூட்ட வேண்டியிருந்தது. அவனுடைய இதயம் லட்லோ புனித லாரன்ஸ் தேவாலயத்தில் புதைக்கப்பட்டதாகச் சொல்கிறார்கள். தம்பி ஹென்றி பட்டத்துக்கு வந்தான். அண்ணன் மனைவியையே மணந்தான். பிறகு அந்தத் திருமணம் செல்லாது என்று போப்புடன் மோதினான். 1534-இல் இங்கிலாந்துத் திருச்சபை ரோமாபுரியிலிருந்து பிரிந்தது.

அந்தப் பிரிவின் அலை சுற்றிக்கொண்டு லட்லோவுக்கே திரும்பி வந்து, ஊரின் முதுகெலும்பாக இருந்த ஓர் அமைப்பைச் சாய்த்தது. பாமர்ஸ் கில்டு என்ற யாத்ரிகர் சங்கம் 13-ஆம் நூற்றாண்டில் இங்கே தோன்றியது. உறுப்பினர் இறந்தால் அவர் ஆன்மாவுக்குப் பூசை செய்ய குருமார்களை வைத்துக்கொள்வதுதான் முதல் நோக்கம். அதற்குச் சந்தா, சந்தாவிலிருந்து வீடு வாசல், வீடுகளிலிருந்து வாடகை. சங்கத்தின் காரியக்காரர்கள் ஊர் ஊராகப் போய் ஆள் சேர்த்தார்கள். ஒரு கட்டத்தில் இங்கிலாந்து, வேல்ஸ் முழுவதும் ஆயிரக்கணக்கானவர்கள் உறுப்பினர்களாக இருந்தார்கள். ஊரின் பள்ளிக்கூடம், ஏழைகள் விடுதி, தேவாலய அலங்காரம் எல்லாம் இந்தப் பணத்தில் நடந்தன. ஆன்மாவுக்கான பூசை மூடநம்பிக்கை என்று புதிய அரசு முடிவு செய்த பிறகு, 1551-இல் சங்கம் கலைந்தது. ஆனால் லட்லோக்காரர்கள் காரியத்தில் கண்ணாயிருந்தார்கள். மற்ற ஊர்களில் இத்தகைய சொத்துகள் அரசு கஜானாவுக்கும் பிரபுக்களின் பைக்கும் போயின. இங்கே 1552-இல் ஒரு பட்டயத்தின் மூலம் சொத்து முழுவதும் நகராட்சியின் கைக்கு வந்தது, பள்ளியையும் விடுதியையும் தொடர்ந்து நடத்தும் பொறுப்போடு.

சங்கத்தின் பணம் என்ன செய்தது என்பதை லாரன்ஸ் தேவாலயத்தில் பார்க்கலாம். 135 அடிக் கோபுரம் வெகு தொலைவிலிருந்தே தெரியும். உள்ளே பாடகர் பகுதியில் மடக்கு இருக்கைகள் 28. நெடுநேரம் நிற்க வேண்டிய குருமார்கள் சற்றே சாய்ந்துகொள்வதற்காக, தூக்கிய பலகையின் அடியில் ஒரு சிறு தாங்கி. தாங்கியின் கீழே மரச்சிற்பம். அவற்றில் ஒன்று சந்தை நகரத்துக்கென்றே செதுக்கியது. மது விற்கும் ஒருத்தி அளவில் ஏமாற்றியிருக்கிறாள். ஒரு பேய் அவளைத் தலைகீழாகத் தோளில் போட்டுக்கொண்டு நரகத்தின் திறந்த வாய்க்குத் தூக்கிப் போகிறது. கையில் அந்தக் குவளை இன்னும் இருக்கிறது. இன்னொரு பேய் சுருளை விரித்து அவளுடைய குற்றங்களை வாசிக்கிறது. வேறொன்று பைக்குழல் ஊதுகிறது. சந்தையில் அளவு குறைப்பதை இந்த ஊர் எவ்வளவு பெரிய பாவமாக நினைத்தது என்பதற்கு இதைவிட நேரடியான சான்று வேண்டாம்.

16, 17-ஆம் நூற்றாண்டுகளில் லட்லோ நடைமுறையில் வேல்ஸின் தலைநகராக இருந்தது, வேல்ஸுக்கு வெளியே இருந்தபடியே. எல்லைப் பகுதிகளையும் வேல்ஸையும் சேர்த்து ஆளும் மன்றம் கோட்டையில் கூடி நிர்வாகமும் நீதியும் நடத்தியது. 1560 முதல் 1586 வரை தலைவராக இருந்த ஹென்றி சிட்னி நீதிபதிகளுக்கான தங்குமனையை உள்வாசலை ஒட்டிக் கட்டினார். வழக்கு நடத்த வருகிறவர்களுக்குச் சோறு, படுக்கை, குதிரைக்குத் தீனி, வக்கீல், எழுத்தர் எல்லாம் தேவைப்பட்டன. ஊர் செழித்தது. மன்றத்து வழக்கறிஞர் ரீஸ் ஜோன்ஸ் 1619-இல் கட்டிய மரச்சட்ட மாளிகை, பின்னாளில் விடுதியாகி, ஃபெதர்ஸ் என்ற பெயரில் புல் ரிங்கில் நிற்கிறது. முகப்பில் ஒரு சாண் இடம்கூட விடாமல் செதுக்கியிருக்கிறார்கள். மன்றத்தின் தலைவராக பிரிட்ஜ்வாட்டர் பிரபு பொறுப்பேற்ற கொண்டாட்டத்துக்காக ஜான் மில்டன் எழுதிய கோமஸ் என்ற இசைநாடகம் 1634 செப்டம்பர் 29 இரவு கோட்டையின் பேரவைக் கூடத்தில் அரங்கேறியது. பிரபுவின் மகள் ஆலிஸும் இரண்டு தம்பிகளும் நடித்தார்கள். மில்டனுக்கு அப்போது 25 வயது. கூடத்தின் சுவர்களும் சன்னல்களும் நிற்கின்றன, மேலே வானம்.

உள்நாட்டுப் போரில் மன்னர் பக்கம் நின்ற கோட்டை 1646-இல் நாடாளுமன்றப் படையிடம் சரணடைந்தது. 1689-இல் மன்றம் நிரந்தரமாகக் கலைக்கப்பட்டது. வேலை இல்லாத கோட்டையின் கூரையிலிருந்து ஈயத் தகடுகளைப் பெயர்த்தெடுத்துப் போனார்கள். ஈயம் போனால் மழை உள்ளே இறங்கும்; மழை இறங்கினால் உத்திரம் உளுக்கும். சில பத்தாண்டுகளில் அரண்மனை சிதிலமானது. மொத்தமாக இடித்து விற்றுவிடலாமா என்றுகூட அரசு தரப்பில் யோசித்தார்கள். கல்லை விற்று வரும் பணம் இடிக்கும் கூலிக்கே போதாது என்று தெரிந்து விட்டுவிட்டார்கள்.

இங்கேதான் தமிழ் வாசகருக்குப் பழக்கமான பெயர் வருகிறது. 1744-இல் சென்னையில் கிழக்கிந்தியக் கம்பெனியின் எழுத்தராக வந்திறங்கி, 1751-இல் ஆற்காட்டைப் பிடித்துப் பெயர் வாங்கிய ராபர்ட் கிளைவ் ஷ்ராப்ஷயரில் பிறந்தவர். இந்தியாவில் சேர்த்த பெருஞ்செல்வத்தில் சொந்த மாவட்டத்தில் நிலமும் வாக்கும் வாங்கினார். லட்லோவுக்குப் பக்கத்து ஓக்லி பார்க் பண்ணை 1771-இல் போவிஸ் பிரபுவிடமிருந்து அவர் கைக்கு வந்தது. மகன் எட்வர்டு கிளைவ் 1774 முதல் 1794 வரை லட்லோவின் நாடாளுமன்ற உறுப்பினராக இருந்தார். போவிஸ் குடும்பத்துப் பெண் ஹென்ரியட்டாவை 1784-இல் மணந்தார். 1798 ஆகஸ்ட் முதல் 1803 ஆகஸ்ட் வரை சென்னை மாகாண ஆளுநர்.

அந்த ஐந்து ஆண்டுகளை எண்ணிப் பார்க்க வேண்டும். 1799 மே மாதம் சீரங்கப்பட்டினம் வீழ்ந்து திப்பு சுல்தான் கொல்லப்பட்டார். அதே ஆண்டு அக்டோபரில் கயத்தாற்றில் கட்டபொம்மன் தூக்கிலிடப்பட்டார். 1801-இல் கர்நாடக நவாபின் ஆட்சிப் பரப்பு கம்பெனியின் கைக்குப் போனது. அதே ஆண்டு அக்டோபரில் திருப்பத்தூரில் மருது சகோதரர்கள் தூக்கிலிடப்பட்டார்கள். பெரிய முடிவுகளைத் தலைமை ஆளுநர் வெல்லெஸ்லி எடுத்தார் என்பது உண்மை. ஆனாலும் இவை நடந்த போதெல்லாம் சென்னையின் ஆளுநர் நாற்காலியில் இருந்தவர் லட்லோவின் முன்னாள் உறுப்பினர். வெற்றிகளைக் கொண்டாட அவர் காலத்தில் ஜான் கோல்டிங்காம் வடிவமைத்து 1802-இல் திறக்கப்பட்ட விருந்து மண்டபம்தான், பிற்காலத்தில் தமிழக முதல்வர்களுக்கு மக்கள் இறுதி மரியாதை செலுத்திய ராஜாஜி மண்டபம். ஹென்ரியட்டா 1800-இல் இரண்டு மகள்களோடு மைசூர், திருச்சி, தஞ்சை என்று தென்னாட்டைச் சுற்றி வந்து குறிப்புகள் எழுதினார்.

ஊர் திரும்பிய எட்வர்டு 1804-இல் போவிஸ் பிரபுவானார். 1811-இல் லட்லோ கோட்டையை அரசிடமிருந்து 1,560 பவுண்டுக்கு வாங்கினார். போவிஸ் எஸ்டேட்டின் பொறுப்பில்தான் கோட்டை இன்றும் இருக்கிறது. திப்புவின் கூடாரமும் அவர் அரியணையிலிருந்து எடுத்த பொற்புலித் தலையும் வெல்ஷ்பூலில் உள்ள போவிஸ் கோட்டையில் காட்சிக்கு இருக்கின்றன. லட்லோவின் சுவர்களைச் சரியாமல் காத்ததில் இந்தக் குடும்பத்துக்குப் பங்கு உண்டு. அந்தக் குடும்பம் தெற்கே எதைச் சரித்தது என்பதும் இந்தக் கோட்டையின் வரலாற்றிலேயே சேரும். மார்ட்டிமரையும் ஆர்தரையும் பற்றி வழிகாட்டிகள் பேசுகிற அளவுக்கு இதையும் பேச வேண்டும்.

19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் லட்லோவில் கையுறைத் தொழில் கொஞ்ச காலம் ஓங்கியது. பிரெஞ்சுக் கையுறை இறக்குமதிக்கு இருந்த தடை நீங்கியதும் படுத்துவிட்டது. 1852-இல் ரயில் வந்தது, பெரிய ஆலைகள் வரவில்லை. பழைய வீடுகளை இடித்துப் புதிதாகக் கட்டும் வசதி ஊராருக்கு இல்லாமற்போனதே, பிற்காலத்துக்கு இத்தனை மரச்சட்ட வீடுகள் தப்பி வந்ததற்கு முக்கியக் காரணம். ஷ்ராப்ஷயர் இளைஞன் என்ற கவிதைத் தொகுதியை 1896-இல் வெளியிட்டு இந்த வட்டாரத்தை உலகுக்குக் காட்டிய ஏ. இ. ஹவுஸ்மன் வூஸ்டர்ஷயர்க்காரர். அவருடைய சாம்பல் 1936-இல் லாரன்ஸ் தேவாலயத்தின் வெளிச்சுவரோரம் புதைக்கப்பட்டது.

வசதி வந்தபோது கட்டிய ஒன்று மட்டும் நிலைக்கவில்லை. 1880-களின் இறுதியில், சந்தைச் சதுக்கத்தின் நடுவே செங்கல்லால் பெரிய நகர மண்டபம் எழுப்பினார்கள். அதைப் பலருக்கும் பிடிக்கவில்லை. 1986-இல் அதை இடித்தார்கள். அந்த இடத்தில்தான் இன்று திறந்தவெளிச் சந்தை கூடுகிறது. 1995-இல் தொடங்கிய லட்லோ உணவுத் திருவிழா ஒவ்வொரு செப்டம்பரிலும் கோட்டைக்குள்ளேயே நடக்கிறது. கறிக்கடைக்காரர்கள் தயாரிக்கும் சாசேஜ்களை மக்கள் ஊர் முழுதும் நடந்து நடந்து சுவைத்து மதிப்பெண் போடுவது அதன் பெரிய வேடிக்கை. 2003-இல், அவசரமில்லாத வாழ்க்கையை வலியுறுத்தும் இத்தாலிய இயக்கமான சிட்டாஸ்லோவில் சேர்ந்த முதல் பிரிட்டிஷ் ஊரானது லட்லோ.

வரும்போது கோட்டைக்கு அடுத்தபடியாகப் பார்க்க வேண்டியது ஊர் மதில். சந்தைக்கு வரும் சரக்குகள் மீது வரி போட்டு மதில் கட்டிக்கொள்ள 1233-இல் அரசர் அனுமதி கொடுத்தார். ஏழு வாசல்கள் இருந்தன. பிராட் தெருவின் அடிவாரத்தில் நிற்கும் பிராட் கேட் ஒன்றுதான் மிஞ்சியது. அதன் மேலேயே வீடு கட்டிக் குடியிருக்கிறார்கள், கீழே கார்கள் போகின்றன. 2013 பிப்ரவரியில் தேவாலயத் தோட்டத்தை ஒட்டிய மதிலின் ஒரு பகுதி சரிந்து விழுந்தது. 13-ஆம் நூற்றாண்டில் செலவு யாருடையது என்பதில் குழப்பம் இருக்கவில்லை: மூட்டைக்கு இவ்வளவு என்று சந்தை கொடுத்தது. இம்முறை அந்தச் சுவர் யார் பொறுப்பு, செலவை யார் ஏற்பது என்ற கேள்வியிலேயே பத்தாண்டுக்கு மேல் ஓடிவிட்டது. இடிந்த இடத்துக்கு முன்னால் தடுப்பு வேலி நின்றது.